27.7 கோடியும் 7.9 கோடியும்: அந்த அட்டவணையை அச்சுக்குக் கொடுக்கும் முன்

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறோம். எங்கள் ஒன்பது வயது மகனுக்கு ஆட்டிசம். இன்னும் பேச்சு வரவில்லை. ஏப்ரலில் சில பெற்றோர் சேர்ந்து நடத்தும் விழிப்புணர்வு நிகழ்ச்சிக்கு நான்தான் துண்டறிக்கை தயாரிக்கிறேன். எங்கள் தொகுதி காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) உறுப்பினருக்கும் கடிதம் எழுதப் போகிறோம். பல ஆண்டுகளாகச் சுற்றிவரும் ஓர் அட்டவணை கைக்குக் கிடைத்தது. ‘ரத்தப் புற்றுநோய்: 1,200-ல் ஒருவர், 27.7 கோடி டாலர். தசைச்சிதைவு நோய்: ஒரு லட்சத்தில் ஒருவர், 16.2 கோடி. குழந்தைகள் எய்ட்ஸ்: 300-ல் ஒருவர், 39.4 கோடி. சிறார் சர்க்கரை நோய்: 500-ல் ஒருவர், 15.6 கோடி. ஆட்டிசம்: 110-ல் ஒருவர், 7.9 கோடி.’ படித்ததிலிருந்து மனது ஆறவில்லை. ஏன் இந்த ஓரவஞ்சனை? இதை அப்படியே அச்சடிக்கலாமா?

பதில்:

அச்சடிக்க வேண்டாம். உங்கள் ஆதங்கத்தில் நியாயம் இருக்கிறது, ஆனால் அந்த அட்டவணை அதைத் தாங்காது. உறுப்பினரின் அலுவலகத்தில் சுகாதாரம் பார்க்கும் உதவியாளர் ஒரு வரியைச் சரிபார்த்துப் பிழை என்று கண்டால், மீதிக் கடிதத்தையும் அதே கண்ணோடுதான் படிப்பார்.

எங்கே இடறும் என்று பாருங்கள். தசைச்சிதைவு ஒரு லட்சத்தில் ஒருவருக்கு என்கிறது. அந்த நோயின் டூஷென் வகை ஒன்று மட்டுமே, பிறக்கும் ஆண் குழந்தைகளில் ஏறத்தாழ 3,500 முதல் 5,000 பேருக்கு ஒருவரைத் தாக்குகிறது. அமெரிக்கச் சிறார்கள் சுமார் 7.3 கோடி, அவர்களில் 300-ல் ஒருவருக்கு எய்ட்ஸ் என்றால் இரண்டு லட்சத்துக்கு மேல் வரும். தாயிடமிருந்து தொற்றுப் பெற்றுப் பிறக்கும் குழந்தைகள் அந்த நாட்டில் இப்போது ஆண்டுக்கு நூறு பேர்கூட இல்லை. ஆக, வேறெங்கோ எடுத்த விகிதத்தை அமெரிக்கப் பணத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்கள். ரத்தப் புற்றுநோய் வரியில் வேறு சிக்கல். அந்த நோய் பெரும்பாலும் பெரியவர்களுக்கே வருகிறது, அதற்காகத் திரட்டும் அமைப்புகள் லிம்போமா, மயலோமா போன்ற வேறு புற்றுநோய்களுக்கும் சேர்த்தே திரட்டுகின்றன.

இன்னொன்று, இதன் பழைய பதிப்புகளில் ‘தனியார் நிதி, 2005’ என்று தலைப்பு இருக்கும். கைமாறி வந்ததில் அது உதிர்ந்துவிட்டதால், படிப்பவர்கள் அரசு கொடுக்கும் பணம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 110-ல் ஒருவர் என்பது நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 2009-ல் வெளியிட்ட கணக்கு. பணம் ஒரு வருடத்தது, தலைக்கணக்கு இன்னொரு வருடத்தது.

அரசுப் பணத்தைப் பற்றிப் பேச வேண்டுமானால் தேசிய சுகாதார நிறுவனமான என்.ஐ.ஹெச். வெளியிடும் வகைவாரி நிதிப் பட்டியலுக்குப் போங்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட நோய்களுக்கும் ஆய்வுத் துறைகளுக்கும் நிதியாண்டு வாரியாக அதில் தொகை இருக்கும். நிதியாண்டு அக்டோபர் 1-ல் தொடங்கும் என்பதை நினைவில் வையுங்கள். ஒரே ஆண்டை எடுக்காமல் குறைந்தது ஐந்து ஆண்டுகளை வரிசையாக எடுங்கள். 2009, 2010 ஆண்டுகளில் பொருளாதார மீட்புச் சட்டத்தின் ஒரு தடவைப் பணம் தனிப் பத்தியில் இருக்கும். அதைக் கூட்டிவிட்டு 2011-ஐப் பார்த்தால் ஆட்டிசத்துக்குப் பெரிய வெட்டு விழுந்ததுபோலத் தெரியும். உண்மையில் அப்படி எதுவும் விழவில்லை.

தொகையைச் சொடுக்கினால் அதற்குள் அடங்கிய திட்டங்களின் பட்டியல் திறக்கும். பத்துத் திட்டங்களையாவது திறந்து படியுங்கள், ஏனென்றால் ஒரே திட்டம் பல வகைகளில் எண்ணப்படுகிறது. ‘உடையும் எக்ஸ்’ (ஃப்ராஜைல் எக்ஸ்) என்ற பிறவிக் குறைபாட்டின் மரபணுவைச் சுண்டெலியில் ஆராயும் ஒரு மானியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதே பணம் ஆட்டிசம், உடையும் எக்ஸ், அறிவுசார் குறைபாடு, மனநலம், மரபியல் என ஒவ்வொரு வகையிலும் முழுத் தொகையாக ஏறும். அதனால் இரண்டு வகைகளைக் கூட்டவே கூடாது, எல்லா வகைகளையும் கூட்டினால் என்.ஐ.ஹெச்.சின் மொத்த பட்ஜெட்டையே தாண்டிவிடும். இந்த வகைப்படுத்தல் முறை 2008 நிதியாண்டிலிருந்துதான் நடப்பில் உள்ளது. அதற்கு முந்தைய எண்கள் வேறு முறையில் எடுத்தவை, இவற்றோடு ஒட்டாது.

இந்தப் பட்டியலில் ஆட்டிசம் 2008-ல் 12 கோடி டாலரை ஒட்டி இருந்தது. 2020 வாக்கில் சுமார் 30 கோடி. இதைத் தலைக்கு எவ்வளவு என்று பார்ப்போம். ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் சுமார் 54 லட்சம் என்று சி.டி.சி. மதிப்பிட்டிருக்கிறது. சிறார்களை 20 லட்சத்துக்குச் சற்று மேல் என்று வைத்தால் மொத்தம் 75 லட்சம் பேர். ஆண்டுக்குத் தலைக்கு 40 டாலர். அல்சைமரும் அதையொத்த மறதி நோய்களும் 2023-ல் 380 கோடியை ஒட்டி இருந்தன. 65 வயதைத் தாண்டிய அல்சைமர் நோயாளிகள் 67 லட்சம் என்று கொண்டால் தலைக்கு 550-க்கு மேல். நுரையீரலைத் தாக்கும் மரபணு நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்குச் சுமார் 9 கோடிதான், ஆனால் நோயாளிகள் 40,000 பேர். தலைக்கு 2,000 டாலரைத் தாண்டுகிறது.

பிரிட்டனில் இதே கணக்கை லண்டன் பொருளாதாரப் பள்ளி ஆய்வாளர்கள் 2014-ல் போட்டார்கள். ஆய்வுக்காகத் தலைக்குச் செலவாவது புற்றுநோய்க்கு 295 பவுண்ட், இதய நோய்க்கு 47, பக்கவாதத்துக்கு 20, ஆட்டிசத்துக்கு 6.60. அப்போது ஆட்டிசத்தால் அந்நாட்டுக்கு ஆண்டுக்கு 3,200 கோடி பவுண்ட் செலவு. மற்ற மூன்றின் செலவையும் கூட்டினாலும் அதைத் தொடாது. ஒரு துண்டறிக்கைக்கு உங்கள் அட்டவணையைவிட இது பல மடங்கு உறுதியான எண்.

தலைக்கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டும் நிற்காதீர்கள். நாற்பதாயிரம் பேருக்கான மருந்தைச் சோதிப்பதற்கும் நாற்பது லட்சம் பேருக்கான மருந்தைச் சோதிப்பதற்கும் ஆகும் செலவில் அவ்வளவு பெரிய வித்தியாசம் இல்லை. அரிய நோய் எதை எடுத்தாலும் தலைக்கணக்கில் பணக்கார நோயாகத்தான் தெரியும். உயிரைப் பறிக்கும் நோய்க்கும், அறுபது எழுபது ஆண்டுகள் கூடவே வரும் நிலைக்கும் ஒரே தராசு பொருந்தாது. அதற்காகத்தான் உயிரிழப்பையும் இயலாமையோடு கழியும் ஆண்டுகளையும் சேர்த்து ‘நோய்ச்சுமை’ என்று அளக்கிறார்கள். 2021-ஆம் ஆண்டுக்கான உலகளாவிய கணக்கில் ஆட்டிசம் உள்ளவர்கள் 6.18 கோடிப் பேர், அதாவது 127 பேரில் ஒருவர். சுமை 1.15 கோடி ஆண்டுகள். அதில் ஏறத்தாழ முழுவதும் இயலாமையின் பங்கு. மரணத்தை முன்வைத்து நிதி கேட்கும் நோய்களோடு அதே மொழியில் மல்லுக்கட்டினால் நமக்குத் தோல்விதான்.

ஓரவஞ்சனை என்று சொல்லும் முன் அண்டை வீட்டையும் பார்க்க வேண்டும். வளர்ச்சி மொழிக் குறைபாடு கிட்டத்தட்ட 7 சதவீதக் குழந்தைகளுக்கு இருக்கிறது. முப்பது பேர் உள்ள வகுப்பில் இருவர். அதன் பெயரைக்கூடப் பெரும்பாலான பெற்றோர் கேள்விப்பட்டதில்லை. உளவியலாளர் டோரதி பிஷப் 2010-ல் முப்பத்தைந்து வளர்ச்சிக் குறைபாடுகளை ஒப்பிட்டுப் பார்த்தார். எத்தனை பேருக்கு இருக்கிறது என்பதையும் எவ்வளவு கடுமை என்பதையும் கணக்கில் எடுத்த பிறகும், ஆட்டிசத்துக்கு ஆய்வுக் கவனம் நன்றாகவே கிடைத்திருந்தது. மொழிக் குறைபாடும் கணிதக் கற்றல் குறைபாடும்தான் கவனிப்பாரற்றுக் கிடந்தன. கவனக்குறைவு மிகை இயக்கமான ஏ.டி.ஹெச்.டி. உள்ள குழந்தைகள் அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ளவர்களைவிட அதிகம். அதற்கு என்.ஐ.ஹெச். பணம் நமக்கு வருவதில் பாதிகூட இல்லை. உங்கள் மகனுக்குப் பேச்சு வரவில்லை என்கிறீர்கள். மொழி ஆய்வில் விழும் ஒவ்வொரு டாலரும் அவனுக்கும் சேர்த்துத்தான். மற்ற நோய்களுக்கு அதிகம் கொடுத்துவிட்டார்கள் என்ற தொனி உங்கள் கடிதத்தில் எங்கும் இருக்க வேண்டாம் என்பது எங்கள் உறுதியான யோசனை.

அப்படியானால் மனத்தாங்கலை எங்கே வைப்பது? பணம் உள்ளே எப்படிப் பிரிகிறது என்பதில் வையுங்கள். ஆட்டிசம் தொடர்பான அரசுத் துறைகளை ஒருங்கிணைக்கும் குழு ஒன்று இருக்கிறது; ஐ.ஏ.சி.சி. என்பார்கள். அது அரசு, தனியார் ஆய்வு மானியங்கள் அனைத்தையும் ஏழு கேள்விகளின் கீழ் பிரித்து அறிக்கை வெளியிடுகிறது. அறிகுறி கண்டறிதல், உயிரியல், காரணங்கள், சிகிச்சை, சேவைகள், வாழ்நாள் முழுவதுக்குமான தேவைகள், ஆய்வுக் கட்டமைப்பு. அண்மை ஆண்டுகளின் அறிக்கைகளைப் புரட்டினால் மிகப் பெரிய பங்கு உயிரியலுக்குப் போகிறது. வாழ்நாள் தேவை, அதாவது பள்ளி முடிந்த பிறகு வேலை, வீடு, உடல்நலம், முதுமை எல்லாம் சேர்ந்த அந்தத் தலைப்புக்கு நூறு டாலரில் இரண்டு முதல் நான்கு டாலர். சேவைகளுக்கும் சொற்பமே. உங்கள் மகன் இன்னும் ஒன்பதே ஆண்டுகளில் பதினெட்டைத் தொடுவான். அந்த வயதுக்கு மேற்பட்ட 54 லட்சம் பேரைப் பற்றிய ஆய்வுக்குத்தான் அந்தச் சில டாலர்.

உயிரியல் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது ஏன் மெதுவாக நகர்கிறது என்று தெரிந்தால் எதைக் கேட்பது என்று விளங்கும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்கு ஒரே மரபணு, 1989-ல் கண்டுபிடித்தார்கள். நோயாளிகள் அறக்கட்டளையே மருந்து நிறுவனத்தில் பணம் போட்டது, நோயாளிப் பதிவேட்டையும் அதுவே நடத்தியது. 2012-ல் முதல் மருந்து வந்தது. 2014-ல் தன் உரிமைத்தொகைப் பங்கை 330 கோடி டாலருக்கு விற்று அந்தப் பணத்தை மீண்டும் ஆய்வில் இறக்கியது. 2019-ல் வந்த கூட்டு மருந்து பத்தில் ஒன்பது நோயாளிகளுக்குப் பொருந்துகிறது. ஆட்டிசத்தோடு உறுதியாகத் தொடர்புபடுத்தப்பட்ட மரபணுக்கள் மட்டும் 2020-லேயே நூறைத் தாண்டின. ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்ற கணக்கு இங்கே ஓடாது.

சோதனையிலும் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. மூக்கில் தெளிக்கும் ஆக்ஸிடோசினை 290 குழந்தைகளிடமும் பதின்வயதினரிடமும் சோதித்த பெரிய ஆய்வின் முடிவு 2021-ல் வந்தது. வெற்றுத் தெளிப்பு பெற்றவர்களுக்கும் மருந்து பெற்றவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. இரத்தச் சர்க்கரையை அளப்பதுபோல ஆட்டிசத்தில் அளக்க ஒன்றுமில்லை. பெரும்பாலும் பெற்றோர் நிரப்பும் கேள்வித்தாள்தான் அளவுகோல். பிள்ளை சோதனையில் சேர்ந்ததுமே நம்பிக்கை பிறந்து பெற்றோர் நல்ல மதிப்பெண் போடுவார்கள், அது இயல்பு. அதனால் வெற்று மருந்துக் குழுவிலும் முன்னேற்றம் தெரிந்து, உண்மையான பலன் இருந்தாலும் அமுங்கிப்போகலாம். நம்பகமான அளவுகோல்களை உருவாக்கும் ஆய்வுக்கு நிதி கேட்பது, இன்னொரு மருந்துச் சோதனைக்குக் கேட்பதைவிடப் புத்திசாலித்தனம் என்பது எங்கள் கருத்து. பேச்சு வராத பிள்ளைகளைப் பெரும்பாலான சோதனைகள் சேர்த்துக்கொள்வதே இல்லை, அவர்களுக்கு ஏற்ற அளவுகோல் இல்லை என்பது ஒரு காரணம். இதைக் கடிதத்தில் கட்டாயம் எழுதுங்கள்.

விழிப்புணர்வு பற்றியும் சொல்ல வேண்டும். ஏப்ரல் 2-ஐ ஐ.நா. 2007 டிசம்பரில் உலக ஆட்டிச விழிப்புணர்வு நாளாக அறிவித்தது. அன்று சி.டி.சி. கணக்கு 150-ல் ஒருவர். 2025 ஏப்ரலில் வெளியானது 31-ல் ஒருவர். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ‘தொற்றுபோலப் பரவுகிறது’ என்று தலைப்புக் கொடுக்காதீர்கள். சி.டி.சி. கண்காணிப்பது குறிப்பிட்ட சில பகுதிகளின் எட்டு வயதுக் குழந்தைகளைத்தான். கடைசிச் சுற்றில் 16 பகுதிகள். அதே சுற்றில் கலிஃபோர்னியப் பகுதியில் ஆயிரத்துக்கு 53, டெக்சாஸின் லரேடோவில் 9.7. ஐந்து மடங்கு வித்தியாசம் குழந்தைகளின் மூளையில் இருக்க வாய்ப்பில்லை. யார் பரிசோதிக்கிறார்கள், எவ்வளவு சீக்கிரம் பரிசோதிக்கிறார்கள் என்பதில் பெரும்பகுதி இருக்கிறது. ஆட்டிசம் என்பதன் வரையறையும் விரிந்திருக்கிறது: 1994-ல் ஆஸ்பெர்கர் என்ற வகை சேர்ந்தது, 2013-ல் எல்லாம் ஒரே குடையின் கீழ் வந்தன. பயத்தைக் கிளப்பித் திரட்டும் கவனம் எங்கே போய் முட்டும் என்பதற்குத் தடுப்பூசி விவகாரமே சான்று. தடுப்பூசியால் ஆட்டிசம் வரலாம் என்று சந்தேகத்தைக் கிளப்பி 1998-ல் வந்த ஒரு கட்டுரை 2010-ல் திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கவே ஏகப்பட்ட பணமும் ஆண்டுகளும் கரைந்தன. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2019-லும் தொடர்பில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது.

இனி கடிதம். காங்கிரஸில் இரண்டு படிகள் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள்தான் அதிகம். 2006-ல் வந்த ஆட்டிசச் சட்டம் 2011, 2014, 2019, 2024 என நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அதில் வரும் தொகை, ‘இவ்வளவு வரை செலவழிக்கலாம்’ என்ற அனுமதி. கையில் பணம் வருவது ஒவ்வோர் ஆண்டும் நிறைவேறும் ஒதுக்கீட்டுச் சட்டத்தில்தான். ஐ.ஏ.சி.சி. 2020-க்குள் ஆய்வுப் பணத்தை 68.5 கோடியாக இரட்டிப்பாக்கச் சொன்னது. பரிந்துரை பரிந்துரையாகவே நின்றது. அந்த ஆண்டு அரசும் தனியாரும் சேர்ந்தே 50 கோடியை எட்டவில்லை. அல்சைமருக்கு எப்படி வந்தது? 2011-ல் தேசியத் திட்டச் சட்டம். 2014-ல் இன்னொரு சட்டம்: இலக்கை அடைய எவ்வளவு தேவை என்று என்.ஐ.ஹெச். ஆண்டுதோறும் நேராகக் காங்கிரஸுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். 2015-ல் சுமார் 63 கோடியாக இருந்தது எட்டே ஆண்டுகளில் ஆறு மடங்கு ஆனது. ‘கூடுதல் நிதி வேண்டும்’ என்பதற்குப் பதில் ‘இன்ன வேலைக்கு இவ்வளவு’ என்று கேட்டதன் பலன் அது.

ஆகவே உங்கள் கடிதம் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். ஒதுக்கீட்டுக் கோரிக்கைகளுக்கு உறுப்பினர் அலுவலகங்கள் தனிப் படிவம் வைத்திருக்கும். கெடு பெரும்பாலும் பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் முடியும். ஏப்ரல் நிகழ்ச்சி முடிந்து எழுதலாம் என்று இருந்தால் அந்த ஆண்டு போய்விடும், ஜனவரியிலேயே தொலைபேசியில் தேதியைக் கேட்டு வையுங்கள். தொகையோடு கூட, ஒதுக்கீட்டு மசோதாவுடன் வரும் குழு அறிக்கையில் ஒரு வாக்கியம் சேர்க்கக் கேளுங்கள். என்.ஐ.ஹெச். பணம் பெரும்பாலும் ஆய்வாளர்கள் அனுப்பும் விண்ணப்பங்களைப் பொறுத்துப் பிரிகிறது. எந்தத் தலைப்புக்கு விண்ணப்பம் வர வேண்டும் என்று நிறுவனத்தை அறிவிக்க வைக்க அந்த ஒரு வாக்கியம் உதவும். செலவில்லாத கோரிக்கை என்பதால் உறுப்பினர்களும் தயங்குவதில்லை.

பெற்றோர் நேரடியாக உட்கார இடமும் இருக்கிறது. பாதுகாப்புத் துறை 2007-ல் ஆட்டிச ஆய்வு மானியம் ஒன்றைத் தொடங்கியது. அதற்கு நிதி ஒதுக்கப்படும் ஆண்டுகளில், மதிப்பீட்டுக் குழுக்களில் ஆட்டிசம் உள்ளவர்களும் குடும்பத்தினரும் விஞ்ஞானிகளுக்குச் சமமான வாக்கோடு அமர்கிறார்கள். ஏதாவது ஒரு ஆட்டிச அமைப்பு உங்களைப் பரிந்துரைத்தால் விண்ணப்பிக்கலாம், அறிவியல் பட்டம் தேவையில்லை. ஐ.ஏ.சி.சி. கூட்டங்களுக்கு எழுத்து மூலமும் நேரிலும் கருத்துச் சொல்லலாம். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வரும் ரத்தப் புற்றுநோய் வகையில் 1960-களின் தொடக்கத்தில் பத்தில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை, இன்று பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். பணத்தோடு, சிகிச்சைக்கு வந்த குழந்தைகளில் பெரும்பகுதி ஏதோ ஒரு சோதனையில் சேர்ந்திருந்ததும் காரணம். 2016-ல் தொடங்கிய ஸ்பார்க் என்ற மரபணு ஆய்வில் எச்சில் மாதிரி கொடுத்துச் சேரலாம். விண்ணப்பமும் மாதிரியும் வீட்டிலிருந்தே முடியும்.

துண்டறிக்கையில் பழைய அட்டவணை இருந்த இடத்தில் இந்த வரிகளைப் போடலாம்: ‘ஆட்டிசத்துக்கு என்.ஐ.ஹெச். செலவு ஆண்டுக்குச் சுமார் 30 கோடி டாலர்; தலைக்கு 40. அரசும் தனியாரும் ஆய்வுக்குத் தரும் ஒவ்வொரு நூறு டாலரிலும் பள்ளிக்குப் பிந்தைய வாழ்க்கைக்குப் போவது இரண்டு முதல் நான்கு டாலர்தான். பெரியவர்களுக்கான ஆய்வும், பேச்சு வராதவர்களுக்கான அளவுகோலும் வேண்டும்.’ அச்சுக்குக் கொடுக்கும் அன்று பட்டியலை மறுபடி திறந்து கடைசி நிதியாண்டின் எண்ணை மாற்றிவிடுங்கள். அந்த ஆண்டையும், நீங்கள் பார்த்த தேதியையும் வரிக்கு அடியிலேயே சிறிய எழுத்தில் சேர்த்துவிடுங்கள்.